மொரிஷியஸில் ஆபீஸ் கூட்டமும் பார்ட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈபேனில் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். மீட்டிங், பயிற்சி வகுப்பு, வருடக் கடைசி பார்ட்டி, ரிட்டயர் ஆகிறவருக்கு விருந்து எல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். புதிதாக இந்தத் தலைவலியை வாங்கிக்கொண்ட நம் ஆட்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பார்ட்டிக்கு எந்த இடம் நல்ல இடம்?

பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: வருகிறவர்கள் ராத்திரி எப்படி வீட்டுக்குப் போவார்கள்? இந்தத் தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. எங்கே வைத்தாலும் பக்கம்தானே என்று தோன்றும். பகலில் அது சரி. இருட்டிய பிறகு பஸ் குறைந்துவிடும், கிராமத்துப் பக்கம் சுத்தமாக நின்றுவிடும். மெட்ரோ போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வழியாக கியூர்பைப் வரை போகிறது, ஈபேன் பக்கம் ஒரு கிளையும் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஃப்ளாக்கிலும் ட்ரியோலேயிலும் சூயாக்கிலும் இருந்தால் அதனால் என்ன லாபம்?

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, யார் எந்த ஊர் என்று எழுதுங்கள். சொந்தக் கார் யாருக்கு, யாரைக் கூட்டிப்போக கணவரோ அண்ணனோ வர வேண்டும், யார் பஸ்ஸை நம்பி இருக்கிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். எனக்குத் தெரிந்து, "பார்ட்டிக்கு வர இஷ்டமில்லை" என்று சொல்கிற பெண்களில் பலருக்கு இஷ்டம் இருக்கிறது, திரும்பிப் போக வண்டிதான் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஹாலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வேனுக்கு விலை கேட்டு வையுங்கள்.

ஒரு நாள் மீட்டிங்குக்குக் கடற்கரை ஹோட்டல் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. ஜன்னலுக்கு வெளியே நீலமாகக் கடலை வைத்துவிட்டு உள்ளே எக்செல் காட்டினால் யார் பார்ப்பார்கள்? பட்ஜெட், தணிக்கை, சண்டை போட வேண்டிய விஷயம் என்றால் ஈபேனிலோ மோக்கா பக்கத்திலோ ஒரு அறை போதும். பார்க்கிங் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், காலை 8 மணிக்கு அந்த ரோட்டில் வருகிறவர் வரும்போதே பாதி கோபத்தில் இருப்பார். நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருகிற மாநாடு என்றால் பாய் என்கிற பகுதியில் சுவாமி விவேகானந்தர் பெயரில் இருக்கிற மாநாட்டு மையம். போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டி கோடானில் நாடக மேடையோடு கலை மையம் இருக்கிறது, பரிசளிப்பு மாதிரி எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார வேண்டிய நிகழ்ச்சிக்குப் பொருந்தும்.

கடற்கரைக்குப் போவதென்றால் முழுசாகப் போங்கள். காலையில் இரண்டு மணி நேரம் பேச்சு, அப்புறம் விளையாட்டு, நீச்சல், சாப்பாடு. பல ஹோட்டல்களில் பகல் முழுவதும் இருந்துவிட்டு மாலையில் கிளம்பும் பேக்கேஜ் உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் வீடு திரும்பிவிடலாம் என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

ஹாலில் 150 பேர் உட்காரலாம் என்கிறார்கள். நம்பலாமா?

எப்படி உட்காருவதற்கு 150 என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். வடக்கே ஒரு ஹோட்டல், டிசம்பர் மாதம், எங்கள் ஆட்கள் 130 பேர். "150 தாராளம்" என்றார்கள். அது சினிமா தியேட்டர் மாதிரி நாற்காலி மட்டும் வரிசையாகப் போட்டால் வருகிற கணக்கு. வட்ட மேஜை, மேடை, பஃபே வரிசை, ஆட இடம் எல்லாம் போட்ட பிறகு உள்ளே கொண்டது 90 பேர். மிச்சம் 40 பேரை நீச்சல் குளத்தோரம் உட்கார வைத்தோம். எட்டரைக்கு மழை. எங்கள் கணக்குப் பிரிவு அக்கா ஒரு கையில் தட்டு, மறு கையில் கடற்கரைக் குடையோடு நின்ற போட்டோவை இன்றைக்கும் யாராவது ஒருவர் குரூப்பில் போட்டுவிடுவார்.

அன்றிலிருந்து என் கணக்கு இது: நாற்காலி மட்டும் என்றால் ஆளுக்கு ஒரு சதுர மீட்டர், வட்ட மேஜை என்றால் ஆளுக்கு ஒன்றரை, ஆட்டமும் மேடையும் பஃபேயும் உண்டு என்றால் இரண்டுக்குக் கிட்டே. நேரில் போய்ப் பாருங்கள், தூண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புரொஜெக்டருக்கு எதிரில் தூண் நிற்கிற ஹால்கள் நான் பார்த்தே மூன்று இருக்கின்றன.

வடக்கா, மேற்கா, கிழக்கா?

இது காற்றைப் பொறுத்த விஷயம். தென்கிழக்கிலிருந்து வருஷம் பூராவும் காற்று அடிக்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை கொஞ்சம் பலமாகவே. அந்த மாதங்களில் பெல் மார் மாதிரி கிழக்குக் கரையில் திறந்தவெளி விருந்து வைத்தால் மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். மலைக்கு மறைவாக இருக்கிற ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம், வடமேற்கில் ட்ரூ ஓ பிஷ் பக்கம் அமைதியாக இருக்கும். வெயில் காலத்தில் நேர்மாறு, கிழக்குக் காற்று இதமாக இருக்கும், மேற்கே வேர்த்துக் கொட்டும்.

மேட்டு நிலத்து ஆட்களுக்கு ஒரு குறிப்பு. கியூர்பைப், வாக்கோஸ் மேட்டில் தூறல் என்றால் கடற்கரையிலும் தூறல் என்று முடிவு கட்டாதீர்கள். காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு "ரத்து செய்துவிடலாமா சார்" என்று போன் செய்வது எப்போதும் ஒரு வாக்கோஸ்காரர்தான்!

சூரிய அஸ்தமனத்தோடு தொடங்க நினைத்தால் நேரத்தைச் சரிபாருங்கள். டிசம்பரில் 7 மணிக்குச் சற்று முன்னால் சூரியன் மறையும், ஜூனில் 6 மணிக்கு முன்னாலேயே போய்விடும். அஸ்தமனம் கடலில் விழுவது மேற்கே மட்டும்தான். கிழக்குக் கரையில் போய் உட்கார்ந்துகொண்டு தேடியவர்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

ஜனவரி, பிப்ரவரியில் வைக்கலாமா? புயல் வந்தால்?

வைக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் புயலைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல், மே வரை புயல் காலம், ஜனவரி முதல் மார்ச் வரைதான் உண்மையான பயம். எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை ஏறும். மூன்றாம் எச்சரிக்கை வந்தால் எல்லாம் மூடிவிடும், யாரும் வெளியே வரக்கூடாது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று தீவைத் தொட்டால் நான்கு.

ஹோட்டலிடம் கேட்க வேண்டியது இதுதான்: எந்த எச்சரிக்கை வந்தால் முன்பணத்தை இழக்காமல் தேதியை மாற்றலாம்? சிலர் இரண்டு என்பார்கள், சிலர் மூன்று வரும்வரை அசைய மாட்டார்கள். வெளியூர்க் கேட்டரிங்காரருக்கு மூன்று வரை காத்திருப்பது ஆபத்து, அதற்குள் சமைத்து முடித்திருப்பார். 2024 ஜனவரி 15-இல் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வெள்ளத்துக்குப் புயல் எச்சரிக்கை எண் மட்டும் அளவுகோல் இல்லை, கனமழை அறிவிப்பையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

தேதி முடிவு செய்யும்போது என்ன பார்க்க வேண்டும்?

விடுமுறைப் பட்டியலைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறார்கள். விடுமுறை ஒரு நாள், விரதம் பல நாள். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை, ஆனால் காவடி எடுக்கிறவர் அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே விரதம். அந்த வாரத்தில் பார்பெக்யூ வைத்துவிட்டு "ஏன் நம்ம ஆளுங்க யாரும் வரலை" என்றால்? புரட்டாசி முழுவதும் நம்மவர்களில் நிறைய பேர் அசைவம் தொட மாட்டார்கள். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாட்களில் கிராண்ட் பாசின் புனித ஏரிக்கு நடந்து போகிறவர்களால் சாலை நிரம்பிவிடும், அந்த வாரம் தெற்குப் பக்கம் எதையும் வைக்காதீர்கள். ரமலான் மாதத்தில் மதிய விருந்து வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாலையில் வையுங்கள், அழகாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் 12 முதல் 2 வரை மீட்டிங் போடாதீர்கள், தொழுகை நேரம். சென்னை ஆபீஸ் வீடியோவில் சேருகிறது என்றால் அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் மாலை 4 என்றால் அங்கே ஐந்தரை, பஸ்ஸைப் பிடிக்கிற யோசனையில் இருப்பார்கள்.

சாப்பாடு?

நிம்மதியான வழி: மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமல், கோழி ஹலால், சைவம் தனி மேஜை. தனி மேஜை என்றால் தனிக் கரண்டியும் சேர்த்துத்தான். எத்தனை கவனமாகச் சமைத்தாலும், கோழிக் கரண்டியை ஒருவர் பருப்புக்குள் விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. கரண்டியைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆளை நிறுத்துவேன், சிரிக்காதீர்கள்.

பெரிய கூட்டத்துக்குப் பிரியாணி மாதிரி கைகொடுப்பது எதுவும் இல்லை. உருளைக்கிழங்கு போட்ட இந்த ஊர்ப் பிரியாணியைப் பெரிய தேக்சாவில் மூடி போட்டுக் கொண்டு வருவார்கள், மூடியைத் திறக்கும்போது வருகிற வாசனையிலேயே எம்.டி.யின் பேச்சு முடிந்துவிடும். தொட்டுக்கொள்ளக் கட்டோ பிமான் வைத்தால் போதும். அது நம் பருப்பு வடையின் கொள்ளுப்பேரன், சுடச்சுட இருந்தால் ஹோட்டல்காரர்களின் பதினைந்து வகைத் தொடுகறியும் அதன் முன்னால் நிற்காது.

வாழை இலையில் ஏழு கறி, அதாவது ஏழு வகைச் சைவக் கறியோடு சாப்பாடு, போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக, ஆனால் மதியம் வையுங்கள். அதை பஃபேயாக வைப்பதில் அர்த்தமில்லை. வரிசையாக உட்கார வைத்துப் பரிமாற வேண்டும், பதினைந்து பேருக்கு ஒருவராவது பரிமாற வேண்டும். கோவில் கல்யாணங்களில் பரிமாறிப் பழகிய பையன்களைக் கேளுங்கள், ஹோட்டல் வெயிட்டருக்கு இலையில் எந்தக் கறி எங்கே என்று தெரியாது. ரசத்தைத் தம்ளரில் கொடுங்கள், இந்த ஊரில் ரசோன் என்றால் எல்லா இனத்தவருக்கும் தெரியும், கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். பிரெஞ்சு, சீன நண்பர்கள் பக்கத்தில் ஒரு முள்கரண்டி வையுங்கள், அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

செகா ஆட்டம் வைக்கலாமா?

வையுங்கள், ஆனால் பின்னணி இசையாக வைக்காதீர்கள். செகா அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டு, 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவர்கள் பாடும்போது நாம் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு சத்தமாகப் பேசுவது எனக்கு உறுத்தும். சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம், எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிற மாதிரி வையுங்கள்.

கீபோர்டு வைத்த ஹோட்டல் செகா ஒரு வகை. ரவான் மேளம், மரவான் என்கிற கிலுகிலுப்பைப் பெட்டி, ட்ரையாங்கிள் மூன்றை மட்டும் வைத்து வாசிக்கிற பழைய செகா இன்னொரு வகை, நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்: நெருப்பு. ரவான் ஆட்டுத்தோல் போட்ட அகலமான தட்டு மேளம். வாசிக்கும் முன் தோலை அனலில் காட்டிச் சூடேற்ற வேண்டும், நம் ஊரில் பறைக்குச் செய்வது மாதிரியேதான். ஒரு முறை கார் பார்க்கிங்கில் பெரியவர் ஒருவர் நாலு காய்ந்த ஓலையைக் கொளுத்தி, ரவானைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தொம் தொம் என்று செத்துக் கிடந்த சத்தம் மெல்ல ஏறி டண் என்று வந்த அந்த நொடியில், செக்யூரிட்டி தீயணைப்பு சிலிண்டரோடு ஓடி வந்துவிட்டார். பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஹோட்டலிடம் முன்பே சொல்லி, புகை அலாரத்துக்கு எட்டாத ஒரு மூலையை வாங்கி வையுங்கள்.

ஆட இழுப்பார்கள், அது அவர்கள் வழக்கம். வெட்கப்படுகிறவர்களைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். ஆட வருகிறவர்களிடம் ஒன்று சொன்னால் போதும்: காலைத் தூக்காதே, தரையில் தேய். சென்னையிலிருந்து வந்த எங்கள் ஆடிட்டர் சார் அதைக் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் மேடையை விட்டு இறங்கவில்லை.

தமிழ்ப் பாட்டு, டிஜே?

ஆட்களைப் பாருங்கள். முப்பது பேரில் தமிழ் புரிகிறவர் ஐந்து பேர் என்றால் இரண்டு பாட்டு போதும், நாம் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். இங்கே பிறந்த நம்மவர்களிலேயே பலருக்குப் பாட்டின் தாளம்தான் சொந்தம், வார்த்தை புரியாது. டிஜேயிடம் செகா, இந்தி, தமிழ், பிரெஞ்சு, ஆப்பிரிக்கப் பாட்டு எல்லாம் கலந்து ஒரு வரிசை முன்கூட்டியே கேளுங்கள். தொகுப்பாளர் இங்கே எல்லோரும் பேசுகிற கிரியோல் மொழியில் பேசட்டும். அழைப்பிதழ் ஆங்கிலத்தில் இருக்கலாம், சிரிப்பு மட்டும் கிரியோலில்தான் வரும்.

பொது இடத்தில் பாட்டு போட மாசா என்கிற உரிமை அமைப்புக்குக் கட்டணம் உண்டு. ஹோட்டல் கட்டுகிறதா, நீங்கள் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்வார்கள் என்பதையும் கேளுங்கள், மற்ற அறைகளில் தேனிலவு ஜோடிகள் இருப்பார்கள்.

பேனரில் எந்த மொழி?

ஆங்கிலம் மட்டும் போட்டுவிடுங்கள், பிரச்சினையே இல்லை. பல மொழி போட ஆசைப்பட்டால் வரிசையை யோசியுங்கள். இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது நமக்குப் பெருமை. 1998-இல் வந்த புது நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தி வந்துவிட்டது என்று நம்மவர்கள் கொதித்து எழுந்து, கடைசியில் அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்றது. நாட்டு நோட்டுக்கே அந்தப் பாடு, உங்கள் பேனர் எம்மாத்திரம்?

மது கொடுப்பதா வேண்டாமா?

கொடுத்தால் கூப்பன். ஆளுக்கு இரண்டோ மூன்றோ. "எவ்வளவு வேண்டுமானாலும்" என்று திறந்துவிட்டால் திங்கட்கிழமை மனிதவளத் துறையில் வேலை அதிகமாகும். குடிக்காதவர்களுக்கு வெறும் கோலாவை நீட்டாமல் நல்ல அலூடா (குளிர்ந்த பால் பானம்) ஒன்று ஏற்பாடு செய்யுங்கள், அதற்குத்தான் வரிசை நீளமாக நிற்கும்.

வெளிநாட்டு விருந்தினருக்கு அரை நாள் இருக்கிறது. எங்கே கூட்டிப்போவது?

கடல் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாம்பிள்மூஸ் பக்கம் போ பிளான் பழைய சர்க்கரை ஆலை இப்போது அருங்காட்சியகம், இந்தத் தீவின் கதையே கரும்புதான் என்பது அங்கே புரியும், கடைசியில் சர்க்கரையும் ரம்மும் ருசி பார்க்கலாம். மோக்காவில் யுரேகா என்கிற காலனி கால வீடு, 109 கதவுகள் என்பார்கள், எண்ணிப் பார்த்தவர் யாரும் எனக்குத் தெரியாது, மதியச் சாப்பாடு நிதானமாக இருக்கும். தமிழ்நாட்டு விருந்தினர் என்றால் போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் கட்டாயம். ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கி ஏறிய அந்தக் கல் படிகளுக்கு முன்னால் வியாபாரப் பேச்சு தானாக நின்றுவிடும்.

கொட்டேஷனில் எதைக் கவனிப்பது?

வாட் வரி 15 சதவீதம் சேர்த்த விலையா, சேர்க்காததா. வெளியிலிருந்து கேக், மது கொண்டு வந்தால் கட்டணமா. எத்தனை பேருக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும், அந்த எண்ணிக்கையை எந்த நாள் வரை குறைக்கலாம். எங்கள் ஊர் ஆட்கள் "வரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பார்கள், "வரலை" என்று சொன்னவர் தம்பியோடு வந்து நிற்பார். சொன்ன எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுங்கள், சரியாக வரும். டிசம்பருக்கு என்றால் ஆகஸ்டிலேயே கேட்க ஆரம்பியுங்கள்.

பொதுக் கடற்கரையில் நாமே சமைத்து வைத்தால்?

சின்னக் கூட்டத்துக்கு அருமை. சவுக்கு மர நிழல், பாய், ரவான் ஒன்று. பிளாஸ்டிக் தட்டு, ஸ்பூன் கொண்டு போகாதீர்கள், 2021 முதல் தடை. குப்பைப் பை கொண்டு போங்கள். கழிவறை எவ்வளவு தூரம் என்று முந்தின நாளே போய்ப் பாருங்கள்.

வேன் ஓட்டுநருக்கு என்ன சொல்ல வேண்டும்?

10 மணி என்று பேசியிருந்தால் ஒன்பதரைக்கு வரச் சொல்லுங்கள், சாப்பாடும் கொடுங்கள். எந்த வேன் எந்த ஊர் வழியாகப் போகிறது என்று பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். ஏறியவர்கள் பெயரை ஒருவர் டிக் அடிக்க வேண்டும். கடைசி ஆள் இறங்கியதும் எனக்கு ஒரு மெசேஜ் வரும்: "முடிஞ்சது பாஸ்." அது வரும்வரை நான் தூங்கப் போவதில்லை, என் மனைவிக்கும் இது பழகிவிட்டது.